கன்ஹேரி மலைக்கு முதல் முறை போகிறவர்களுக்கு: கடலூர், புதுச்சேரியிலிருந்து ஒரு வழிகாட்டி

கடலூரிலும் புதுச்சேரியிலும் விசாரித்துப் பார்த்தால், மும்பையில் ஓர் உறவினராவது இல்லாத தெரு கிடைப்பது அரிது. தாராவி, சயான், மாட்டுங்கா, முலுண்ட் என்று எங்காவது ஒரு சித்தப்பாவோ பெரியம்மா மகனோ இருப்பார். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் போகிறோம். கேட்வே, மெரின் டிரைவ், மகாலட்சுமி கோயில் என்று ஒரு நாள் சுற்றுகிறோம். திரும்பிவிடுகிறோம். அதே நகரத்துக்குள், லோக்கல் ரயிலில் போய்விடக்கூடிய தூரத்தில், ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் புத்த பிக்குகள் குடியிருந்த மலை ஒன்று இருப்பது நம்மில் பலருக்குத் தெரிவதில்லை.

மும்பையின் வடக்கே, போரிவலியில் உள்ள சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் காட்டுக்குள் இருக்கிறது கன்ஹேரி. நூற்றுக்கும் மேற்பட்ட குடைவரைகள். கி.மு. முதல் நூற்றாண்டு வாக்கில் உளி வைக்கத் தொடங்கியிருக்கிறார்கள், கி.பி. பத்து, பதினோராம் நூற்றாண்டு வரை ஆள் நடமாட்டம் இருந்திருக்கிறது. அஜந்தாவைப் போல ஓவியங்கள் கண்ணைப் பறிக்கும் இடமல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வருகிறவர்களில் பெரும்பாலோர் பெரிய சைத்தியத்தை, அதாவது ஸ்தூபி உள்ள வழிபாட்டு மண்டபத்தைப் பார்த்துவிட்டு, புத்தர் சிலையின் காலடியில் நின்று படம் எடுத்துக்கொண்டு, ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடுகிறார்கள். கோயிலுக்குப் போகும் மனதோடு போனால் அப்படித்தான் ஆகும். ஒரு ஊருக்குள் நுழைகிற மனதோடு போங்கள். இங்கே இருந்தவர்கள் எங்கே படுத்தார்கள், தண்ணீருக்கு என்ன செய்தார்கள், எங்கே ஒன்றுகூடினார்கள், இறந்துபோனால் எங்கே வைத்தார்கள் என்ற நான்கு கேள்விகளோடு ஏறினால், அரை நாள் போதாது.

கிளம்புவதற்கு முன்: உள்ளூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

குடைவரை என்றால் என்ன என்று கண் பழகாமல் நேராகக் கன்ஹேரிக்குப் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பழகுவதற்கு வசதியாக, தமிழகத்துக் குடைவரைகளில் மிக முக்கியமான ஒன்று நம் பக்கத்திலேயே இருக்கிறது. விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் வழியில், சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கும் மண்டகப்பட்டு. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்தது. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் பிரம்மா, ஈசுவரன், விஷ்ணு மூவருக்கும் கோயில் எடுத்தேன் என்று அங்கே கல்வெட்டில் பெருமை அடித்துக்கொள்கிறான். அந்தப் பெருமைக்குக் காரணம் இருக்கிறது: நம்மூர்க் கருங்கல் உளிக்கு எளிதில் இளகாது.

மண்டகப்பட்டில் இரண்டு விஷயங்களைப் பார்த்து வையுங்கள். தூணின் சதுரப் பகுதியும் எட்டுப்பட்டைப் பகுதியும் சேரும் இடம் ஒன்று. சுவரில் உளி பட்ட தடம் எந்தப் பக்கமாகச் சாய்ந்திருக்கிறது என்பது இன்னொன்று. கன்ஹேரிக்குப் போனதும் இவை தாமாக நினைவுக்கு வரும். மண்டகப்பட்டுக்கு ஏறக்குறைய ஏழு நூற்றாண்டு முன்பே அங்கே வேலை தொடங்கிவிட்டது. ஆனால் அது எரிமலைக் குழம்பு ஆறி இறுகிய பாறை. கல்லின் சுபாவம் வேறு என்பதால் வேலையின் சுபாவமும் வேறு. ஆழமாக, அகலமாக, தாராளமாகக் குடைந்திருக்கிறார்கள்.

நேரம் இருந்தால் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டுப் பொருள்களையும் ஒரு முறை பாருங்கள். வீராம்பட்டினத்துக்குப் பக்கத்தில் 1945-இல் தொல்லியல் அறிஞர் மார்ட்டிமர் வீலர் தோண்டிய அந்தத் துறைமுகமும் கன்ஹேரியின் முதல் குகைகளும் ஏறத்தாழ ஒரே காலத்தவை. மேற்குக் கரையில் சோபாரா, கல்யாண் துறைமுகங்களின் வணிகர்கள் கொடுத்த பணத்தில்தான் அந்த மலை குடையப்பட்டது. சாதவாகனர் காலத்து இரட்டைப் பாய்மரக் கப்பல் பொறித்த ஈயக் காசுகள் சென்னைக்கும் கடலூருக்கும் இடைப்பட்ட நம் கரையிலும் கிடைத்திருக்கின்றன. அந்தக் கரைக்கும் இந்தக் கரைக்கும் இருந்த கொடுக்கல் வாங்கல் மனதில் இருந்தால், அங்கே கல்வெட்டில் ஒரு வணிகனின் ஊர்ப்பெயரைப் பார்க்கும்போது அது வெறும் பெயராகத் தோன்றாது.

எந்த மாதம்

நம் பருவக் கணக்கை அங்கே கொண்டுபோகக் கூடாது. நமக்கு மழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும். மும்பைக்கு மழை ஜூன் முதல் செப்டம்பர் வரை. பெய்தால் அடித்துப் பெய்யும். அந்த மாதங்களில் கன்ஹேரி பச்சைப் பசேல் என்றிருக்கும், பாறையெல்லாம் அருவி வழியும், படம் பிடிக்கிறவர்கள் குவிவார்கள். ஆனால் படிகளில் பாசி பிடித்திருக்கும். முதல் முறை போகிறவர்களுக்கும் வயதானவர்களை அழைத்துப் போகிறவர்களுக்கும் அது வேண்டாம்.

என் ஓட்டு மழை ஓய்ந்த பிறகான நாட்களுக்கு. பிக்குகள் பாறையில் வெட்டிய தொட்டிகளில் தண்ணீர் நிறைந்திருக்கும், பாறை காய்ந்திருக்கும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெயிலும் தாங்கும். பொங்கல் விடுமுறை இதற்குப் பொருத்தமாக அமையும். நவம்பர், டிசம்பரில் போனால் ஒரு சிக்கல் உண்டு. அங்கே வானம் வெளுத்திருக்கும், ஆனால் இங்கே புயல் வந்து ரயில் தடைப்படலாம். கடலூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஏப்ரல், மே மாதங்களில் பாறை கொதிக்கும். பத்து மணிக்கு மேல் கையை வைக்க முடியாது.

கிழமையும் முக்கியம். திங்கட்கிழமை பூங்காவும் குகைகளும் மூடியிருக்கும். சனி, ஞாயிறுகளில் மும்பையே அங்கே வந்துவிடும். செவ்வாய் முதல் வெள்ளிக்குள் ஒரு நாளைப் பிடியுங்கள்.

ரயிலும் தங்கலும்

புதுச்சேரியிலிருந்து தாதருக்கு நேரடியாக சாளுக்கியா எக்ஸ்பிரஸ் உண்டு. எல்லா நாளும் கிடையாது என்பதால் கிழமையைப் பார்த்துப் பதிவு செய்யுங்கள். பெங்களூரு, ஹூப்ளி, பெல்காம், புனே என்று சுற்றிக்கொண்டு போகும். அவசரக்காரர்களுக்கு உதவாது, சாப்பாடு கட்டிக்கொண்டு குடும்பமாகப் போகிறவர்களுக்கு இதைவிட நல்லது இல்லை. அவசரம் என்றால் சென்னைக்குப் போய் அங்கிருந்து மும்பை ரயிலையோ விமானத்தையோ பிடியுங்கள். முன்பதிவு விஷயத்தில் ஒன்று: போகும் டிக்கெட்டோடு திரும்பும் டிக்கெட்டையும் சேர்த்தே எடுத்துவிடுங்கள். பொங்கல், தீபாவளி சமயத்தில் தட்கலை நம்பி உட்காருவது சூதாட்டம்.

உறவினர் வீடு இல்லையென்றால் தாதர், மாட்டுங்கா பக்கம் அறை எடுங்கள். மாட்டுங்காவில் இட்லிக்கும் காபிக்கும் பஞ்சமில்லை, தமிழ் பேசுகிறவர்களும் கிடைப்பார்கள். போரிவலியிலேயே தங்கலாமே என்று கேட்பீர்கள். தங்கலாம்; ஆனால் மற்ற நாட்களில் நகரத்துக்குள் வர நீங்கள் கூட்டத்தோடு மல்லுக்கட்ட வேண்டும். தாதரில் தங்கினால் கன்ஹேரி நாள் சுலபம். காரணம், மும்பை லோக்கலில் காலையில் கூட்டம் வடக்கிலிருந்து தெற்கே வேலைக்கு வரும்; மாலையில் தெற்கிலிருந்து வடக்கே வீடு திரும்பும். நீங்கள் காலையில் வடக்கே போகிறீர்கள், மாலையில் தெற்கே வருகிறீர்கள். இரண்டு வேளையும் கூட்டத்துக்கு எதிர்த்திசை. உட்கார இடம் கிடைக்கும்.

தாதரில் மத்திய ரயில்வே ஒரு பக்கம், மேற்கு ரயில்வே இன்னொரு பக்கம். நடைமேம்பாலம் இரண்டையும் இணைக்கிறது. மேற்கு ரயில்வே பக்கம் போய் போரிவலி ரயிலைப் பிடியுங்கள். 'போரிவலி' என்று பலகையில் போட்டிருக்கும் ரயிலில் ஏறுவது நல்லது. விரார் போகும் ரயிலும் போரிவலி வழியாகத்தான் போகும், ஆனால் அதில் தினசரி போகிறவர்களுக்குள் ஒரு சட்டம் இருக்கிறது. நெரிசல் நேரத்தில் போரிவலியில் இறங்குகிறவர்களை அவர்களுக்குப் பிடிக்காது. பெண்களுக்குத் தனிப் பெட்டி உண்டு. நடைமேடையில் நிற்கும்போதே அது எங்கே வந்து நிற்கும் என்று பக்கத்தில் இருக்கும் பெண்களைக் கேட்டால் கையைக் காட்டுவார்கள். முதல் வகுப்புப் பெட்டியில் தெரியாமல் ஏறிவிடாதீர்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், அபராதம் மட்டும் வேறு.

போரிவலியில் கிழக்குப் பக்கம் இறங்க வேண்டும். அங்கிருந்து பூங்கா வாசல் நடந்துபோகும் தூரம்தான், ஆட்டோவும் உண்டு. ஆட்டோக்காரரிடம் 'நேஷனல் பார்க்' என்றால் போதும், கன்ஹேரி என்று விளக்க வேண்டியதில்லை.

பூங்கா வாசலில்

இரண்டு டிக்கெட் எடுக்க வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். பூங்காவுக்குள் நுழைய வனத்துறை டிக்கெட் ஒன்று. மேலே குகை வாசலில் தொல்லியல் துறை டிக்கெட் இன்னொன்று. முதல் டிக்கெட்டோடு எல்லாம் முடிந்தது என்று கைப்பேசியில் மின்னேற்றம் இல்லாமல் மேலே போய் நின்றால் சங்கடம். கொஞ்சம் ரொக்கமும் வைத்திருங்கள்.

புதுச்சேரி வாசகர்களுக்காக ஒரு தனிச் செய்தி. தொல்லியல் துறை இடங்களில் வெளிநாட்டவருக்குக் கட்டணம் பல மடங்கு. நம்மூரில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் நிறைய. ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை) வைத்திருப்பவர்களுக்கு நினைவுச்சின்னங்களில் இந்தியக் குடிமக்களுக்கான கட்டணமே என்று மத்திய அரசு 2021-இல் வெளியிட்ட அறிவிப்பில் இருக்கிறது. ஆகவே பாரீஸிலிருந்து வந்திருக்கும் அத்தையை அழைத்துப் போவதானால், கடவுச்சீட்டை நீட்டாமல் ஓசிஐ அட்டையை நீட்டச் சொல்லுங்கள்.

வாசலிலிருந்து குகைகள் ஆறு கிலோமீட்டருக்கு மேல் காட்டுக்குள் இருக்கின்றன. பூங்காவிலேயே குகைக்குப் போகும் பஸ் உண்டு. ஆள் சேர்ந்ததும் எடுப்பார்கள் என்பதால் கொஞ்சம் காத்திருக்க நேரலாம். நடந்தே போகிறேன் என்று இளைஞர்கள் புறப்படுவதைப் பார்த்திருக்கிறேன். போகலாம், சாலை நன்றாகத்தான் இருக்கிறது; ஆனால் மேலே போய்த்தான் உண்மையான நடை தொடங்குகிறது. கால்களை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள். போகும்போது பஸ், முடிந்தால் திரும்பும்போது நடை என்பது என் யோசனை. இது சிறுத்தைகள் வாழும் காடு என்பதால் சாலையை விட்டு உள்ளே இறங்குவதோ, பொழுது சாய்ந்த பிறகு நடப்பதோ கூடாது.

காலை உணவை முடித்துக்கொண்டு ஒன்பது மணிக்குள் குகை வாசலில் நிற்கும்படி கணக்குப் போடுங்கள்.

மலையில்: எந்த வரிசையில் பார்ப்பது

ஒவ்வொரு குகைக்கும் தொல்லியல் துறை எண் கொடுத்திருக்கிறது. பழைய நூல்களில் எண்கள் வேறாக இருக்கும், ஆகவே அந்த இடத்தில் எழுதியிருக்கும் எண்ணையே பின்பற்றுங்கள்.

படியேறியதும் முதலில் வருவது 1-ஆம் குகை. பெரிய முகப்பு, இரண்டு பருத்த தூண்கள், உள்ளே ஒன்றுமில்லை. 'இதுதானா' என்று நகர்ந்துவிடுவார்கள். நகராதீர்கள். இது முடிக்கப்படாத குகை என்பதுதான் இதன் மதிப்பு. குடைவரை வேலை மேலிருந்து கீழே வரும். கூரையை முதலில் சரிசெய்துவிட்டு, நிற்கும் தரையையே வெட்டி வெட்டி இறங்குவார்கள். சாரம் கட்டும் வேலை மிச்சம். முடிந்த குகையில் இந்த வித்தை தெரியாது. முடியாத குகையில்தான் தச்சன் எந்த இடத்தில் உளியை வைத்துவிட்டுப் போனான் என்பது தெரியும்.

அடுத்தது 3-ஆம் குகை, எல்லோரும் படமெடுக்கும் சைத்தியம். முகப்பு மண்டபத்தின் இரு கோடியிலும் சுமார் 7 மீட்டர் உயரத்தில் இரண்டு புத்தர்கள் நிற்கிறார்கள். இவை குகையைவிட வெகுகாலம் பிந்தியவை, ஐந்து ஆறாம் நூற்றாண்டுக் காலத்தவை. குகை அதற்கு முந்நூறு ஆண்டு முன்பே, இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில், யக்ஞஸ்ரீ சாதகர்ணி என்ற சாதவாகன மன்னன் காலத்தில் வணிகச் சகோதரர்கள் கொடுத்த பொருளால் எழுந்தது என்று வாசல் தூணில் இருக்கும் கல்வெட்டு சொல்கிறது. முகப்புச் சுவரில் கைகோத்து நிற்பதுபோல் ஆணும் பெண்ணுமாய்ச் சில ஜோடிகளைக் காண்பீர்கள். சாமி சிலை என்று சிலர் கும்பிடுவார்கள். கொடையளித்த தம்பதிகள் என்று சொல்லப்படும் உருவங்கள் அவை. அவர்களுடைய தலைப்பாகையையும் காதணியையும் நின்று பாருங்கள்.

உள்ளே நுழைந்ததும் கண் இருட்டுக்குப் பழக இரண்டு நிமிடம் கொடுங்கள். நீள மண்டபம், கோடியில் ஸ்தூபி, சுற்றிலும் தூண் வரிசை. தூண்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நடங்கள். முன்பகுதியில் சிலவற்றின் தலையில் யானைகளும், ஸ்தூபியை வணங்கும் உருவங்களும் இருக்கும். போகப்போகச் சிற்பம் நின்று, வெறும் எட்டுப்பட்டைத் தூண்கள் மட்டும் வரும். பணம் தீர்ந்ததோ, அவசரப்பட்டார்களோ, பார்க்கிறவர் யூகத்துக்கு விட்டிருக்கிறார்கள். கூரையை அண்ணாந்து பாருங்கள். வளைந்த மர விட்டங்கள் ஒரு காலத்தில் பொருந்தியிருந்த இடங்கள் தெரியும். கல்லைக் குடைந்தவர்களுக்கு மரக் கூரையின் நினைவு போகவில்லை.

வழிகாட்டி இல்லாமல் வந்தவர்கள் பெரும்பாலும் இதோடு திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் ஓடைப் பள்ளத்தை ஒட்டி மேலே நடங்கள். 11-ஆம் குகைக்குப் போங்கள். தர்பார் மண்டபம் என்று இப்போது பெயர். அரசன் யாரும் இங்கே கொலு வீற்றிருக்கவில்லை. தரையில் நீளவாக்கில், உயரம் குறைவான இரண்டு கல் திட்டுகள் மண்டபத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை ஓடுகின்றன; எல்லோராவின் 5-ஆம் குகையிலும் இதே அமைப்பு உண்டு. கல்யாண வீட்டுப் பந்தியில் எதிரெதிரே உட்காருவதுபோல் பிக்குகள் இரு வரிசையாக உட்கார்ந்து ஓதியிருக்கலாம், உண்டிருக்கலாம். திட்டின் மேல் ஏறி உட்கார வேண்டாம். பக்கத்தில் தரையில் சம்மணமிட்டு அமர்ந்து பாருங்கள், உயரம் ஏன் அப்படி வைக்கப்பட்டது என்று விளங்கிவிடும்.

இந்த மலையில் ஒன்பதாம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள் சில, ராஷ்டிரகூட அமோகவர்ஷனுக்குக் கீழ்ப்பட்ட சிலாகார குலத்தவர் காலத்தவை. வங்கத்திலிருந்து வந்த ஒரு பக்தரின் கொடை 11-ஆம் குகையில் இருக்கிறது. இன்னொன்றில், கொடுத்த பணத்தில் எவ்வளவு வழிபாட்டுக்கு, எவ்வளவு பழுதுபார்க்க, எவ்வளவு துறவியரின் உடைக்கு, எவ்வளவு புத்தகம் வாங்க என்று பிரித்து எழுதியிருக்கிறார்கள். நம்மூர்க் கோயில் கல்வெட்டில் விளக்கெரிக்க ஆடு விட்ட கணக்கைப் படித்தவர்களுக்கு இந்தச் சிக்கனமான மொழி அந்நியமாக இருக்காது. புத்தகத்துக்குப் பணம் ஒதுக்கியது எனக்குப் பிடித்த வரி.

இனிமேல்தான் கன்ஹேரி. பாறையில் வெட்டிய படிகளில் ஏறி, சிறிய குகைகளுக்குப் போங்கள். எந்தக் குகை என்பது முக்கியமில்லை. கூட்டமில்லாத ஏதேனும் ஒன்று. அமைப்பு பெரும்பாலும் ஒன்றே: சிறு முற்றம், நாலு படி, திண்ணை போன்ற தாழ்வாரம், அதில் கல் இருக்கை, உள்ளே ஓர் அறை, அறைக்குள் சுவரோடு சேர்ந்த கல் படுக்கை. கதவு நிலையின் மேலும் கீழும் குழிகளைத் தடவிப் பாருங்கள். மரக் கதவின் குடுமி சுழன்ற இடம். ஆக, பிக்கு தாழிட்டுக்கொண்டுதான் தூங்கியிருக்கிறார். சுற்றிலும் சிறுத்தைக் காடு, தவறென்று சொல்ல முடியாது. தாழ்வார இருக்கையில் உட்கார்ந்தால் எதிரே பள்ளத்தாக்கு. இங்கே ஒரு பத்து நிமிடம் பேச்சில்லாமல் உட்காருவது இந்தப் பயணத்தின் கட்டாயப் பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு தண்ணீர். முற்றத்தின் ஓரத்தில் சதுரமான வாயோடு ஒரு தொட்டி இருக்கும். எட்டிப் பார்த்தால் வாய் சிறியது, உள்ளே பாறைக்குள் அறை மாதிரி விரிந்து போகும். வெயில் படாது, ஆவியாகாது. இப்போது தலையை நிமிர்த்தி, குகையின் நெற்றிக்கு மேலே பாறையைப் பாருங்கள். மழைநீர் முற்றத்தில் கண்டபடி வழியாமல் ஒதுக்கிக்கொண்டு வர விரல் ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டியிருக்கிறார்கள். அந்தக் கோட்டைக் கண்ணாலேயே பின்தொடருங்கள். வளைந்து, பாறையின் சரிவோடு இறங்கி, தொட்டியில் வந்து முடியும். ஒரு குகையில் இதைப் பிடித்துவிட்டால் பிறகு மலை முழுக்க இதுவே தெரியும். குகைக்கொரு தொட்டி, போதாததற்கு, பள்ளத்தில் ஓடும் ஓடையையும் தடுத்து நீர் தேக்கியிருக்கிறார்கள். புத்த பிக்குகள் மழைக்காலத்தில் ஊர் ஊராகத் திரியாமல் ஓரிடத்தில் தங்க வேண்டும் என்பது விதி. அந்த மூன்று நான்கு மாத மழையைப் பிடித்து வைத்துத்தான் மீதி ஆண்டை ஓட்டியிருக்கிறார்கள். ஏரிக்கரையில் வாழ்ந்து பழகிய நமக்கு இதன் அருமை சொல்லாமலே புரியும். வீராணமும் ஊசுட்டேரியும் இல்லாமல் கடலூரும் புதுச்சேரியும் ஏது. இந்தத் தொட்டித் தண்ணீரைக் குடிக்க மட்டும் வேண்டாம்.

கால் ஒத்துழைத்தால் இன்னும் நான்கு இடங்கள். 34-இல் கூரையில் புத்தர் ஓவியம், கோடு போட்ட நிலையில் நின்றுபோனது. டார்ச் வேண்டும், ஃபிளாஷ் வேண்டாம். 41-இல் பதினொரு தலை அவலோகிதேசுவரர், கருணையின் வடிவாக வணங்கப்படும் போதிசத்துவர். இப்படி ஒரு சிற்பம் இந்தியாவில் மிக அரிது என்பதால், சிறிய உருவம் என்று அலட்சியமாகக் கடந்துவிடாதீர்கள். 67-இல் சுவரெல்லாம் சிற்பம். 90-இல் அவலோகிதேசுவரர் ஆபத்துகளிலிருந்து பக்தர்களைக் காக்கும் காட்சி: கப்பல் உடைதல், யானை, பாம்பு, தீ. கடலோரத்துக்காரர்கள் கப்பலைத் தேடுங்கள். அதே குகையில் பாரசீகத்து பஹ்லவி எழுத்தில், சுற்றிப் பார்க்க வந்த ஜொராஸ்திர சமயத்தார் 1009-இலும் 1021-இலும் தங்கள் பெயர்களைப் பொறித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். போன இடத்தில் சுவரில் பெயர் எழுதும் பழக்கம் அவ்வளவு பழையது. அவர்கள் எழுதியது இன்று கல்வெட்டு. நீங்கள் எழுதினால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று சட்டம் சொல்கிறது.

கடைசியாக 84 முதல் 87 வரையிலான பகுதி. பாறை விளிம்பின் கீழே நீளமான ஒரு தாழ்வு. அதில் வரிசையாகச் செங்கல் ஸ்தூபிகளின் அடித்தளங்கள். இந்த விகாரையில் வாழ்ந்து மறைந்த மூத்த பிக்குகளின் நினைவிடம். முழு மலையிலும் செங்கல்லைக் கொண்டுவந்து கட்டிய இடம் என்று என் கண்ணில் பட்டது இதுதான். காவலர்களிடம் கேட்டால் வழி காட்டுவார்கள். பலர் கேட்காததால் அங்கே கூட்டம் இருக்காது.

கையில் என்ன இருக்க வேண்டும்

ரப்பர் அடியுள்ள காலணி. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். தொப்பி. ஒரு சிறிய டார்ச், அல்லது கைப்பேசி வெளிச்சம். தோளில் மாட்டும் மூடிய பை. கையில் தொங்கும் பிளாஸ்டிக் பை எதுவும் கூடாது. பூங்காவில் பிளாஸ்டிக்குக்குக் கெடுபிடி என்பது ஒரு காரணம், குரங்குகள் இன்னொரு காரணம். கன்ஹேரிக் குரங்குகளுக்குப் பையின் சரசரப்பு போதும். ஒரு குடும்பம் படியில் உட்கார்ந்து எலுமிச்சை சாதப் பொட்டலத்தைப் பிரித்ததைப் பார்த்தேன்; இலை விரிந்த நேரத்துக்குள் பொட்டலம் மரக்கிளையில் இருந்தது. பாட்டி மட்டும் அப்பளத்தை முந்தானைக்குள் காப்பாற்றிவிட்டார். சாப்பாட்டைக் காலையிலேயே கனமாக முடித்துவிட்டு, மேலே பேரீச்சம்பழம், வேர்க்கடலை உருண்டை மாதிரி வாயில் போட்டு முடிக்கக்கூடியவற்றை மட்டும் கொண்டுபோங்கள். மதியச் சாப்பாடு போரிவலிக்கு இறங்கிய பிறகு.

முக்காலி வைத்துப் படமெடுக்கத் தொல்லியல் துறையிடம் தனி அனுமதி வேண்டும். ட்ரோன் நினைப்பே வேண்டாம்.

பெரியவர்களும் குழந்தைகளும்

முட்டி வலி உள்ளவர்களை 3-ஆம் குகை வரை தாராளமாக அழைத்துப் போகலாம். அதற்கு மேல் பாறைப் படிகள் ஒழுங்கில்லாதவை, பிடிமானம் எல்லா இடத்திலும் இல்லை. அவர்களை 2, 3 குகைகளின் நிழலில் அமரவைத்துவிட்டு மற்றவர்கள் மேலே போய் வரலாம். குழந்தைகளுக்கு இந்த மலை கொண்டாட்டம். ஆனால் தொட்டிகளின் வாயில் எல்லா இடத்திலும் தடுப்பு கிடையாது என்பதால் சின்னவர்களின் கையை விடாதீர்கள். ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகளிடம் 'எத்தனை தொட்டி இருக்கிறது, எண்ணிக்கொண்டு வா' என்று வேலை கொடுத்தால், அவர்கள் உங்களுக்கு முன்னால் ஏறிப்போய் நீங்கள் கவனிக்காத வாய்க்கால்களையும் காட்டுவார்கள்.

வழிகாட்டி வேண்டுமா என்று கேட்பீர்கள். தமிழ் பேசும் வழிகாட்டியை அங்கே எதிர்பார்க்க வேண்டாம். இந்தியோ ஆங்கிலமோ ஓரளவு புரிந்தால், குறிப்புப் பலகைகளைப் படித்துக்கொண்டே சமாளித்துவிடலாம்.

நேரம் மிச்சம் இருந்தால்

மூன்று மணிக்கு இறங்கிவிட்டால் போரிவலிப் பக்கத்திலேயே மண்டபேசுவர் குகையைப் பார்த்துவிடலாம். அது சிவன் கோயில். பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் அதைத் தேவாலயமாக மாற்றினார்கள், மேலே மடமும் கட்டினார்கள். இன்று குகைக்குள் மீண்டும் பூசை நடக்கிறது, மேலே மடத்தின் இடிபாடு நிற்கிறது.

இன்னும் ஒரு நாள் இருக்கிறது என்றால் என் பரிந்துரை மும்பைக்குள் இல்லை. லோனாவாலாவுக்கு ரயிலேறி, அங்கிருந்து புனே லோக்கலில் மளவ்லி நிலையத்தில் இறங்குங்கள். ஒரு பக்கம் பாஜா, இன்னொரு பக்கம் கார்லா. இந்தியாவின் மிகப் பெரிய குடைவரைச் சைத்தியம் கார்லாவில்தான் இருக்கிறது. கன்ஹேரியில் காணாமல்போன மர விட்டங்கள் அங்கே கூரையில் இன்னும் அப்படியே இருக்கின்றன. கார்லாவின் வாசலிலேயே ஏகவீரா அம்மன் கோயில். கோளி மீனவர்களின் குலதெய்வம் என்பதால் ஞாயிற்றுக்கிழமையிலும் நவராத்திரியிலும் படி முழுக்க மனிதத் தலைதான். அந்த நாட்களைத் தவிர்த்துவிட்டு, காலையில் கார்லா, வெயில் தாழ்ந்ததும் பாஜா என்று வைத்துக்கொள்ளுங்கள். சாளுக்கியா எக்ஸ்பிரஸ் புனே வழியாகத்தான் புதுச்சேரிக்குத் திரும்புகிறது. இந்த ஒரு நாளைச் சேர்ப்பதானால் திரும்பும் டிக்கெட்டைத் தாதரிலிருந்து எடுக்காமல் புனேயிலிருந்து எடுத்துவிடுங்கள். பெட்டி படுக்கையோடு மறுபடி மும்பைக்கு வர வேண்டியதில்லை.